முன்வேலை

திருவேங்கடத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அம்மா பத்தொன்பது வருஷம் ஆபீஸுக்குப் போனாள். கட்டை அடுக்குவது அவள் வேலை. பள்ளம் வெட்டிய மெல்லிய பலகைகளில் பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் பரப்பி, பலகைமேல் பலகை ஏற்றிச் சட்டத்தில் இறுக்க வேண்டும். நுனிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிறகு கட்டை ஆண்கள் கைக்குப் போகும். அவர்கள் நுனிகளை உருக்கிய மெழுகில் தொட்டெடுத்து, மருந்தில் முக்குவார்கள். மெழுகு ஏறாத குச்சியில் தலை மட்டும் எரிந்து அணையும். மரத்துக்குத் தீ இறங்காது. நுனி உள்வாங்கிய குச்சியில் மெழுகும் ஏறாது, மருந்தும் ஏறாது. ஆனாலும் முக்குகிறவருக்குத்தான் கூலி அதிகம். "அது மருந்து வேலை. இது சும்மா அடுக்குறதுதான" என்பார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

இந்தச் 'சும்மா' எனக்கு உறுத்தத் தொடங்கியது டெக்சாஸில், தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்காரர். சுட்டு முடிந்த ரைபிள் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து கார் ஷெட்டில் மறுபடி நிரப்புவார். சுடும்போது கூடு விரிந்துவிடும். அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமுன் கழுவிக் காயவைத்து, விரல்நுனியில் மசகு தொட்டு, ஒவ்வொரு கூட்டின் மேலும் மெல்லிசாகத் தடவினார். குறைந்தால் கூடு அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். கூடினால் கழுத்துக்குக் கீழே, கூடு சரியும் இடத்தில் மசகு தேங்கி நசுங்கல் விழும். அச்சிலிருந்து எடுத்ததும் துடைத்து, நீளம் அளந்து, மிஞ்சியதைச் சீவி, விளிம்பின் பிசிறை நீக்கினார். மருந்து நிரப்புவதும் குண்டைப் பொருத்துவதும் கடைசியில்தான். குறி தப்பாதது இந்த முன்வேலையால்தான் என்றார். தம்பி வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா கட்டை அடுக்கியதை அவன் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

பழைய காலத்துத் தோட்டாக்களில் முதல் பொறியைத் தந்த கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. தீக்குச்சித் தலையிலும் அதுதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேண்டியது கைப்பக்குவமும் பொறுமையும். அங்கே அதைக் கற்றுத்தரப் புத்தகங்கள் இருக்கின்றன. இங்கே 'பொம்பளைங்களுக்கு விரல் சின்னது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை சிவகாசி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கற்றது தொழில் என்று வரலாற்றில் ஏறியது. பெரியம்மாவிடம் அத்தை மகளும், அவளிடம் அம்மாவும் கற்றது 'பழக்கம்' என்று நின்றுவிட்டது. 1888இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் அவர்கள் கூலியில் அபராதம் பிடித்திருந்தார்கள். அம்மாவின் ஆபீஸில் அபராதம் என்ற பேச்சே கிடையாது; கோணிப்போன கட்டைக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான்.

டெக்சாஸிலிருந்து போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுக்காம எதைக் கொண்டுபோய் முக்குவாங்களாம்?" என்றாள் அம்மா.

பந்திக்குச் சமைத்தவர் பெயர் ஊருக்கே தெரிகிறது. விடியவிடிய வெங்காயம் உரித்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. 'திறன் தேவையில்லாத வேலை' என்று பெண்கள் செய்யும் எதையாவது யாராவது சொன்னால், நான் இப்போது அம்மாவின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். கூலியைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.