திரை விருத்தம்

சென்ற ஆண்டு விழுப்புரத்தில் எங்கள் இலக்கிய அமைப்பு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தைத் திரையிட்டது. திண்டிவனத்திலிருந்து என்னோடு ரயிலில் வந்த முன்னாள் மாணவர் ஒருவர் என் அருகே அமர்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வையற்றவர். தமிழ் முதுகலை முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய நிலையில் நிற்கும் வீட்டைத் தனியே பார்க்க வருகிறார். அறை அறையாக நடக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டுமே.

"ஐயா, பேச்சே இல்லையே. இப்ப என்ன நடக்குது?"

காதருகே குனிந்து சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி 'உஷ்' என்றார். நிறுத்திக்கொண்டேன். படம் முடிந்தபின் நடந்த விவாதத்தில் எல்லோரும் அந்த ஒரு காட்சியைப் பற்றித்தான் பேசினார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு ரயில் நிலையத்தில், "நம்ம இணையதளத்தில் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கு, படிச்சுப் பாருப்பா" என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு, "அந்தத் தளத்தை என்னால படிக்க முடியாதுங்க ஐயா" என்றார்.

எனக்குச் சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. அவர் முதுகலைத் திட்டக்கட்டுரை எழுதியபோது, தெருக்கூத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை அதே தளத்தில் படிக்கச் சொல்லியிருந்தேன். "படிச்சிட்டேங்க ஐயா" என்று அன்று சொன்னாரே என்று கேட்டேன். விடுதி நண்பர் ஒருவர் பாதிவரை வாசித்துக் காட்டினாராம். மீதிக்கு அவரைக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்து தம் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். அதில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய மென்பொருள் அது. தட்டையான உலோகக் குரல்தான் என்றாலும் ஒருங்குறியில் உள்ள தமிழை அது வாசித்துவிடும். எங்கள் தளத்தில் அது வாசித்தது தமிழே அல்ல.

காரணம் எளியது. சிற்றிதழுக்காகப் பாமினி எழுத்துருவில் கோத்த பக்கங்களை அப்படியே பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்றியிருந்தோம். பாமினியில் 'அம்மா' என்பது கண்ணுக்குத்தான் அம்மா. உள்ளே அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசை. எழுத்துரு அவற்றின்மீது தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. காதுக்கு அந்தப் போர்வை கிடையாது. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். நாங்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் பழைய வழியிலேயே கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். அழைப்பிதழ்களோ வெறும் படங்கள். நாள், நேரம், இடம் அனைத்தும் படத்துக்குள் அடங்கிவிட, திரைவாசிப்பான் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "ஒருத்தருக்காக இவ்வளவு வேலையா?" என்று கேட்டார். தீய எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வாசலை அடைத்து வைத்துவிட்டு உள்ளே வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது என்ன கணக்கு? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒலி விவரிப்பையும் சைகைமொழியையும் வசன வரிகளையும் பற்றிப் பேசுகிறது. திரையரங்கப் படங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமானவை வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மாதம் ஒரு படம் காட்டும் எங்களைப் போன்ற சிறு அமைப்பைத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. நாங்களாகச் செய்தால்தான் உண்டு.

செய்யத் தொடங்கினோம். எழுத்துரு மாற்றி கொண்டு பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்தோம். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்துகளாகக் குழம்பியதால் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருப்பதைச் சொல்லும் மாற்றுரை சேர்த்தோம். அழைப்பிதழின் செய்தியைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் இட்டோம். இதற்கெல்லாம் பணம் செலவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தாம் செலவாயின.

என் கூத்துக் கட்டுரையை மெய்ப்புப் பார்த்தபோது அதில் நானே எழுதியிருந்த ஒன்று என்னை நிறுத்தியது. எங்கள் பக்கத்தில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். வேடதாரி நேரடியாகக் களத்துக்கு வருவதில்லை. இருவர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னே நின்று தன் வருகையைத் தானே பாடுகிறார். அது திரை விருத்தம். தம் பெருமை, கோலம், அணிந்திருக்கும் மணிமுடி எல்லாம் பாட்டில் வந்துவிடும். பிறகுதான் திரை விலகும். நீ யார், எதற்கு வந்தாய் என்று கட்டியங்காரன் வேறு கேட்டு வைப்பான். கூட்டத்தின் கடைசியில் விளக்கொளி எட்டாத இடத்தில் அமர்ந்திருப்பவருக்கும் துரியோதனன் வந்துவிட்டது தெரியும். பார்வை மங்கிய கிழவிக்கும் தெரியும். இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, கண்ணால் மட்டுமே படிக்கமுடியும் கோப்பில் அதைப் பூட்டி வைத்திருந்தவன் நான்.

'வீடு' படத்தை மறுபடியும் திரையிட்டோம். நான் படவீழ்த்திக்குப் பின்னால், தடுப்பு ஒன்றின் மறைவில் அமர்ந்து கைபேசியில் மெல்லப் பேசினேன். அவர் காதொலிப்பானில் கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில், "ஐயா, அந்தப் பொண்ணு வேதனையோட பாக்குறான்னு நீங்க சொல்லாதீங்க. முகத்துல என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க. வேதனையா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்" என்றார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் பாட்டுக்குப் பொருள் சொல்லியே பழகிய நாக்கு. அன்று அதை அடக்குவதுதான் கடினமாக இருந்தது. தாத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் நடந்ததை மட்டும் சொன்னேன்: "நடக்கிறார். நிற்கிறார். சுவரில் கை வைக்கிறார்." பிறகு இசைக்கு வழிவிட்டு அமைதியானேன்.

இன்னும் பாதி வேலைகூட முடியவில்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்காகத் தமிழிலேயே வசன வரிகள் வேண்டும். பின்னணி ஓசைகளையும் அவற்றில் எழுதவேண்டும். அதை இனிமேல்தான் தொடங்கவேண்டும். பழைய இதழ்களில் படமாக வருடப்பட்ட பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன.

சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கூத்துக் கட்டுரையை முழுவதும் தாமே படித்துவிட்டாராம். கட்டியங்காரனைப் பற்றி நான் சொன்ன கருத்து ஒன்று தவறு என்று, தம் ஊர்க் கூத்திலிருந்து சான்று காட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. இதுவரை அதற்கு ஒருவரும் மறுப்பு எழுதியதில்லை. பதில் எழுதவேண்டும். அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது.