வான்கோழியின் விலை

அப்பாவுக்கு வேலூரில் சிகிச்சை நடந்த மாதங்களில் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எந்த லாட்ஜில் காலையில் வெந்நீர் வரும், எந்த மெஸ்ஸில் கேட்டால் கஞ்சி வைத்துத் தருவார்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு. "என்னம்மா, நாவலா?" என்று கிண்டலடித்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மரியானா ஸ்டார்க்கைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் அந்தக் கிண்டல் உறுத்த ஆரம்பித்தது.

ஸ்டார்க் இங்கிலாந்துக்காரர். அவருடைய அப்பா நம்ம கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். 1788இல் லண்டனில் மேடையேறிய மரியானாவின் நாடகம் ஒன்று சோழமண்டலக் கரையில்தான் நடக்கிறது. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நாடகம் இல்லை. 1790களில், நோயாளியான உறவினரைப் பார்த்துக்கொள்ள இத்தாலியில் பல வருடம் தங்கினார். அதிலிருந்து 1800இல் ஒரு புத்தகம் வந்தது. 1820இல் ஜான் மர்ரே பதிப்பகம் அவருடைய ஐரோப்பியப் பயண வழிகாட்டியை வெளியிட்டது. தங்குமிடம், வாடகை, உணவுப்பொருள் விலை எல்லாம் அதில் உண்டு. நல்ல ஓவியத்துக்கு ஆச்சரியக்குறி போடுவார். ரொம்ப நல்லதென்றால் குறிகள் கூடும். இன்று நாம் செயலிகளில் போடும் நட்சத்திரத்துக்கு அவர் ஒரு முன்னோடி.

அவர் 1838இல் இறந்தார். அடுத்த வருடம் வந்த 'தி சார்ட்டர்ஹவுஸ் ஆஃப் பார்மா' நாவலில் ஸ்டெந்தால் போகிற போக்கில் ஒரு குத்து குத்துகிறார்: வான்கோழி, ஆப்பிள், ஒரு கிளாஸ் பால் என்ன விலை என்று ஸ்டார்க் அம்மையாரின் புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலேயப் பயணி காசை எடுக்கமாட்டானாம்.

கிண்டல்தான். ஆனால் ஒரு புத்தகத்தை மக்கள் அந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் ஆபீஸிலும் டாக்குமென்டேஷன் எழுதுபவரை யாரும் பாராட்டுவதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழும்போது எல்லோரும் தேடுவது அதைத்தான். நோயாளியோடு ஊர்விட்டு ஊர் போனவருக்குத் தெரியும், பாலின் விலை அற்ப விஷயம் இல்லை என்று.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா அந்த நோட்டைக் கேட்டு வந்தார். அவர் மாமனாருக்கு வேலூரில் வைத்தியம். கொடுக்கும் முன் புரட்டிப் பார்த்தேன். பழைய விலைகளை அடித்து, பக்கத்தில் புது விலைகள் எழுதியிருந்தன. அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. அம்மா எப்போது, யாரிடம் விசாரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.