மதிப்பெண் இல்லாத வேலை

மே 14, காரைக்கால்

நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண். மருத்துவமனையில் தொண்டு செய்தவருக்கென்று அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. 2020இல் ஜிப்மரும் தன் தனி நுழைவுத் தேர்வை விட்டு நீட்டுக்குள் வந்துவிட்டதால், காரைக்கால் ஜிப்மரில் இடம் தேடுபவருக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விண்ணப்பிப்பவர்கள் தொண்டு செய்த மணிநேரத்தையும் எழுதிக் காட்டுகிறார்கள். சேவை அங்கே சான்றிதழ் வேட்டையாகிவிட்டது என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நம்மிடம் அந்தத் தூண்டில் இல்லை. பலன் இல்லாததை எதற்குச் செய்வது என்று கேட்பார்கள். பலனுக்காக இல்லாமல் போய்ப் பார்ப்பவருக்குத்தான் இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்பது தெரியும் என்பது என் கட்சி. படிப்பு கெட்டுவிடும் என்ற பெற்றோரின் பயம் நியாயமானதே. ஆனால் மே மாதத் தேர்வு முடிந்து கவுன்சலிங் வரும்வரை கையில் இருப்பது காத்திருப்பு மட்டும்தானே!

மே 19

என்ன வேலை செய்வது? ஊசி, கட்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் கனவில் வரட்டும். வேலை இருப்பது ஓ.பி. வரிசையிலும் மருந்து கவுண்டரிலும். காரைக்காலுக்கு நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்; முதன்முறை வருபவருக்குச் சீட்டு எங்கே, ரத்தப் பரிசோதனை எங்கே என்பதே பெரிய குழப்பம். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருக்கும். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. எழுதியவருக்கு வெட்டவெளிச்சம், படிக்கத் தெரியாத பாட்டிக்கு வெறும் கோடு. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் மாத்திரையின் பெயர் பாதியோடு நிற்கும். சுகருக்கும் வெள்ளை மாத்திரை, பிரஷருக்கும் வெள்ளை மாத்திரை. அந்த இடத்தில் தொண்டர் தன் அறிவைக் காட்டக் கூடாது. பாட்டியை மருந்தாளுநரிடம் திரும்ப அழைத்துப் போக வேண்டும். சொன்னது புரிந்ததா என்று நின்று பார்க்கும் பழக்கம் பாடப்புத்தகத்தில் வராது. இதைப் பாடத்திட்டம் வகுப்பவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்: எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்கள் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. ஆனால் அதெல்லாம் இடம் கிடைத்த பிறகு.

மே 27

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஆள் பற்றாக்குறையை இலவசப் பிள்ளைகளைக் கொண்டு மூடிவிடுவார்கள். மெய்தான். அட்டெண்டர் செய்ய வேண்டியதைத் தொண்டர் தலையில் கட்டினால் அது தொண்டல்ல, கூலி கொடுக்காத வேலை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் கேரளம் முழுக்கப் பரவியபோது, ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவரும் செவிலியரும் இருக்க அவர்களுக்குத் துணையாகத்தான் தொண்டர்களை நிறுத்தியது. அந்த எல்லைக்கோடு இங்கேயும் வேண்டும். அடுத்தவர் நோய் நமக்கு வேடிக்கையாகிவிடும் என்ற கவலைக்கும் கோடு போடலாம்: செல்போன் வெளியே வரக் கூடாது, கேட்டது வாசலைத் தாண்டக் கூடாது.

ஆகவே, தம்பி தங்கைகளே, கும்பலாகப் போய் நிற்காதீர்கள். எந்த நேரம், எந்த இடம், எதைத் தொடக் கூடாது என்பதை மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். இல்லையென்றால் முதல் ஊசியை இப்போதே போடுங்கள். மூன்றும் முடிய ஆறு மாதம் ஆகும்.