திருப்புகிற கை

ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீர் திண்டுக்கல்லுக்கு வருகிறது. குழாயைத் திறக்கும் நமக்கு அது போதும். வருகிற வழியைத் தாளில் கோடாக இழுத்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

எங்கள் தெருவில் அப்படிக் குழாய்ப் படம் வரைந்து ஓய்வு பெற்ற டிராப்ட்ஸ்மேன் ஒருவர் இருக்கிறார். டி-ஸ்கொயர், ஐசோமெட்ரிக் படத்தின் 30 பாகைச் சாய்வுக்கு மூலைமட்டம், மைப்பேனா - இவைதாம் அவருடைய ஆயுதங்கள். டிரேசிங் தாளில் கோடு பிசகினால் பிளேடால் சுரண்ட வேண்டும். அதே இடத்தில் மறுபடி சுரண்டினால் தாள் பொத்தல்! "அதனால், கோடு போடுமுன் மனசுக்குள் குழாயைப் போட்டுப் பார்த்துவிடுவேன், சார்" என்பார்.

1982இல் ஆட்டோகேட் வந்தது. இன்று அவர் பேத்தி திரையில் முப்பரிமாணமாகக் குழாய் அமைக்கிறாள். இரண்டு குழாய்கள் முட்டினால் கணினியே காட்டிக் கொடுக்கிறது. பெரியவருக்கு இதில் பொறாமை இல்லை. அந்தக் காலத்தில், குழாயை வெட்டி மாட்டும்போதுதான் முட்டல் தெரியும். அதற்காக அவர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

ஒரு நாள் பேத்தியின் படத்தைப் பார்த்தவர் கேட்டார்: "ஏம்மா, வால்வைச் சுவரோரமாக வைத்திருக்கிறாயே, திருப்புகிறவன் கை எங்கே போகும்?"

கணினி குறை சொல்லவில்லை. படத்தில் கை இல்லையே!

பேத்தி வால்வை நகர்த்தினாள். ஒரு நொடி வேலை.

"இத்தனை சுலபமா!" என்று பெருமூச்சு விட்டார். மகிழ்ச்சியா, வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

நானும் இப்போது கணினியில்தான் கதை எழுதுகிறேன். அன்றிரவு ஒரு பத்தியை அழிக்கப் போன விரல் சற்றே தயங்கியது.