குகைக்குள் நால்வர்

நம்முடைய கதைகளில் குகைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவற்றுக்குள் நுழைகிறவன் பெரும்பாலும் தனி ஆள். அலிபாபா தனியாகத்தான் போனான், பொன்னோடு திரும்பினான். அவன் அண்ணன் காசிமும் தனியாகத்தான் போனான். ஆசை மிகுந்து, கதவைத் திறக்கும் வார்த்தையை மறந்து, உயிரை விட்டான். கூட ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்திருப்பானே என்று சிறு வயதில் நான் நினைத்ததுண்டு.

இப்போது கம்ப்யூட்டரில் ஆடுகிற சில விளையாட்டுகளில் அந்தக் குறை நீங்கிவிட்டது. நாலு பேர், ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து குகைக்குள் போகிறார்கள். அதற்கு 'டன்ஜன்' என்று பெயர். நால்வரும் நாலு தேசத்துக்காரர்களாக இருக்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இந்த ஞானம் மாடி அறையில் குடியிருக்கும் இளைஞனால் வந்தது. ஒரகடத்தை அடுத்த எங்கள் வடக்குப்பட்டில் பூமிக்கடியில் பொருள் தேடுவது புதிதல்ல. 2022-ல் மத்தியத் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டிக் கற்காலக் கருவிகளை எடுத்தார்கள். மண்ணுக்கு மேலே கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். இளைஞன் அவற்றில் ஒன்றில் வேலை பார்க்கிறான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்.

ஒரு நாள் காலை அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"வேலையில் ஏதாவது தகராறா, தம்பி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை சார். ராத்திரி முதல் தடவையா ஒரு டன்ஜனுக்குப் போனேன். பாதியிலே மத்த மூணு பேரும் ஓட்டுப் போட்டு என்னை வெளியே தள்ளிட்டாங்க."

அவசரத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடியிருக்கிறான். சும்மா நின்றிருந்த பூதங்களெல்லாம் ஒன்றாகப் பாய்ந்து நால்வரையும் கொன்றுவிட்டன.

"நீ புதிது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு பயம், சார். கம்பெனியிலும் முதல் வாரம் இப்படித்தான். 'புரிஞ்சுதா?'ன்னு சூப்பர்வைசர் கேட்பார். புரியாமலே தலையை ஆட்டுவேன்."

அந்தத் தலையாட்டல் என் மனத்தை உறுத்தியது. குகையில் தப்பு நடந்தால் மறுபடி பிழைத்து எழலாம். இயந்திரத்தின் முன்னால் அப்படி முடியுமா? அதன் பிறகு பல இரவுகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனித்தேன். புதிதாகப் போகிறவர்களுக்கு உதவட்டுமென்று, தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், யாருக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டும். 2013-லிருந்து இப்போதைய உருவில் நடக்கும் 'பைனல் பாண்டஸி 14' என்ற ஜப்பானிய விளையாட்டில் ஒரு கோஷ்டிக்கு நாலு பேர். ஒருவன் கேடயக்காரன், 'டேங்க்' என்பார்கள். ஒருவன் வைத்தியன். மற்ற இருவர் அடிக்கிறவர்கள். 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்' விளையாட்டில் அடிக்கிறவர்கள் மூவர். ஆக ஐந்து பேர்.

கேடயக்காரனின் வேலை பூதத்தின் கோபத்தையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்வது. கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் செய்கிற அதே வேலைதான்! யார் அடித்தாலும், ஏன், வைத்தியன் காயம் ஆற்றினாலும்கூட, பூதத்தின் கோபம் அந்த ஆள் மேல் கொஞ்சம் ஏறுகிறது. கேடயக்காரனுடைய அடிக்குத்தான் அது மிக அதிகமாக ஏறும்படி வைத்திருக்கிறார்கள். ஆகையால் அவன் முன்னே போக வேண்டும். அவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்க வேண்டும். முந்திக்கொண்டவன் மேல்தான் பூதம் பாயும்.

அடிக்கிறவர்கள் ஆரம்பத்தில் கேடயக்காரன் அடிப்பதையே அடிக்க வேண்டும். நாலு பூதங்களை ஆளுக்கொன்றாக அடித்தால், நாலும் கடைசிவரை உயிரோடிருந்து திருப்பி அடிக்கும். எல்லோரும் ஒன்றையே அடித்தால் அது சீக்கிரம் விழும். நமக்கு விழும் அடியில் கால் பங்கு குறையும். கூட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் அடிக்கும் வித்தை கைவந்த பிறகு கணக்கு வேறு.

வைத்தியன் தன் உயிரையும் கேடயக்காரன் உயிரையும் முதலில் காக்க வேண்டும். இது சுயநலமல்ல, வைத்தியன் விழுந்தால் மற்றவர்களை எழுப்ப யார் இருக்கிறார்கள்? பூதம் பெரிய அடி அடிக்குமுன் அந்த அடி விழும் இடம் தரையில் ஒளிரும். உடனே விலகிவிட வேண்டும். அடிப்பது ஒரு கணம் நின்றாலும் பாதகமில்லை. செத்தவன் கொடுக்கும் அடி பூஜ்யம்தானே?

போகுமுன் கவசத்தைச் செப்பனிட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, போன் பேச்சு எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்காருங்கள். நடுவில் எழுந்து போனால் மற்ற மூவரும் தவிப்பார்கள். ஜப்பானிய விளையாட்டில் அப்படிப் போகிறவன் 30 நிமிஷத்துக்கு வேறு கோஷ்டியில் சேர முடியாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, உள்ளே நுழைந்ததும் 'நான் புதிது' என்று ஒரு வரி எழுதிவிடுவது. அதே விளையாட்டில் கோஷ்டியில் ஒருவன் அந்தக் குகைக்கு முதல் தடவையாக வந்திருந்தால் மற்றவர்களுக்கு அதிகப்படி வெகுமதி உண்டு. இதை ஏற்படுத்தியவர் மனித சுபாவம் தெரிந்தவர். பொறுமை தானாக வராத இடத்தில் அதற்குக் கொஞ்சம் கூலி வைத்துவிட்டார்!

நம் இளைஞன் அடுத்த தடவை அந்த ஒரு வரியை எழுதினான். "என் பின்னாலேயே வா" என்று கேடயக்காரன் பதில் எழுதினான். குகை முடியும்வரை வேறு பேச்சே இல்லை. ஆனால் அன்றிரவு இவன் சிரித்த சிரிப்பு மாடியிலிருந்து கீழே வரை கேட்டது.

பொருள் பங்கிடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாள் கிடைத்தால் திரையில் தோன்றும் பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: தேவை, பேராசை, வேண்டாம். பிறகு தாயம் உருளும். தேவை என்றவனுக்குத்தான் முதல் உரிமை. தனக்கு உதவாததைத் தேவை என்று அழுத்துகிறவனை யாரும் மதிப்பதில்லை. காசிமுக்கு இப்படி ஒரு பொத்தான் யாரும் காட்டவில்லை.

வார்கிராப்டில் முன்பெல்லாம் கோஷ்டி சேர்க்க ஊர் நடுவில் நின்று ஆள் கூவ வேண்டும். 2009 டிசம்பரில் இயந்திரமே ஆள் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. சௌகரியம்தான். ஆனால் மறுபடி சந்திக்கப் போவதில்லை என்று தெரிந்தவரிடம் மரியாதை காட்டுவது கடினமாகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள்.

அந்த வருத்தம் எங்கள் சாலைக்கும் பொருந்தும். ஒடிசா, பீகார், அஸ்ஸாம், தென் பாண்டிச் சீமை என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் ஒரே பஸ்ஸில் இறங்கி, ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சில மாதங்களில் வேறெங்கோ போய்விடுகிறார்கள். இன்று வந்து நாளை போகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பானேன் என்று அனுபவசாலிக்குத் தோன்றுவது இயல்பு. புதியவன் தெரியாது என்று சொல்லத் துணிய வேண்டும் என்பது பாதி உபதேசம்தான். அதைக் கேட்டதும் முகம் சுளிக்காமல், "என் பின்னாலேயே வா" என்று சொல்ல முன்னால் போகிறவனும் பழகிக்கொள்ள வேண்டும்.