ஹாஃப் கிளட்ச்

போன மாதம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் ஆட்டோமேட்டிக் கார். பேரன் ஓட்டினான், நான் முன்சீட்டில், வீட்டுக்காரம்மாவும் மகளும் பின்னால். நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் என் மூக்குக்கு ஒரு வாடை வந்தது. பிரேக் லைனிங் கருகுகிற வாடை. பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் பகுதியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன் நான். எது சூடாகிறது என்று மூக்கே முதலில் சொல்லிவிடும்.

பேரனைப் பயமுறுத்த வேண்டாம் என்று, "பர்லியார்ல நிறுத்து கண்ணு, ஒரு டீ குடிக்கலாம்" என்றேன். நிறுத்தினான். இறங்கியதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னேன், தொடாமல். அனல் அடித்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன் அப்புச்சி. ஆட்டோமேட்டிக்ல வேற என்ன பண்றது?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. லீவரை 'டி'யில் போட்டுவிட்டால் வண்டி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சமதளத்தில் அது பார்த்துக்கொள்ளும். மலையில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை என்றதும் பல வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும். அப்புறம் வண்டியின் மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் அளவுக்கு மேல் சூடானால் பிடிக்காது. மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது.

பழைய டிரைவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து நிறுத்தும். வளைவில் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகிற கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். அங்கே சின்ன கியரில் இறங்குங்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, "எங்க வண்டியில கியரே இல்லையே" என்று இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இருக்கிறது. பேரன் ஓட்டிய வண்டியிலும் லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் கியரை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. "இது எதுக்குன்னு நானும் யோசிச்சிருக்கேன் அப்புச்சி" என்றான். அரை மணி நேரம் ஆறவிட்டு, மீதி மலையை இரண்டாவது கியரில் இறங்கினோம். வாடை இல்லை. கல்லாறு வந்ததும் கேட்டான்: "அப்புச்சி, எனக்கு கியர் வண்டி சொல்லிக் குடுங்க."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி சொல்லிக் குடுத்துறாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை நான் அதிகம் பேசவில்லை.

பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கிளட்ச் உள்ள வண்டியில்தான் கற்றான். ஆனால் அந்த வண்டிகளில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பாதி நேரம் மிதித்தது அவர் கால்தான். இவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். அதோடு நேராக அப்பாவின் ஆட்டோமேட்டிக். ஸ்கூட்டரும் கியர் இல்லாதது. இருசக்கர வண்டிக்காவது நம் நாட்டில் கியர் உள்ளது, இல்லாதது என்று லைசென்ஸில் பிரித்துப் போடுகிறார்கள். காருக்கு அந்தப் பிரிவு கிடையாது. இங்கிலாந்தில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவர் கிளட்ச் உள்ள வண்டியைத் தொடக்கூடாது. இங்கே தொடலாம், ஓட்டத்தான் தெரியாது.

நான் கற்றது 1977-இல், ஆலையின் லாரியில். சொல்லிக் கொடுத்தவர் ஆலை டிரைவர். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஷிப்ட் முடிந்ததும் ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பாடம். அந்த லாரியில் கியர் சும்மா விழாது. பெரிய கியரிலிருந்து சின்னதுக்கு வர வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச் மிதித்து கியர் போட வேண்டும். உள்ளே சுற்றுகிற இரண்டு பல்சக்கரங்களும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் ஒன்றோடொன்று சேரும். வராவிட்டால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொள்வார், ஆனால் திட்ட மாட்டார். "வண்டி அழுவுது, கேக்குதா?" என்பார். அவ்வளவுதான்.

அவர் என்னை ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவே விடவில்லை. அந்த லாரியில் அது வேலை செய்யவும் இல்லை, அது வேறு விஷயம். சத்தத்தைக் கேட்டே கியர் மாற்ற வேண்டும். இன்ஜின் முனகினால் கியரைக் குறை, கத்தினால் கூட்டு. ஹாஃப் கிளட்சும் அப்படித்தான். மேட்டில் நிற்கிற வண்டியை எடுக்கும்போது, கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை தூக்கும். அந்த இடம்தான். அங்கே காலை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க அண்ணனுக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு நாளும் அவர் குரல் உயரவில்லை.

2014-ஐ நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். அந்த ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. பிப்ரவரியில் அதே மாருதி கம்பெனி செலேரியோவைக் கொண்டுவந்தது. கிளட்ச் மிதி இல்லாமல், ஏ.எம்.டி. கியரோடு, நடுத்தரக் குடும்பம் வாங்குகிற விலையில். மே மாதம் அம்பாசடர் நின்றது. நாங்கள் ஓட்டிப் பழகிய இரண்டு வண்டிகளும் போய், அவற்றின் இடத்துக்கு வரப்போவதும் அதே அரை வருஷத்தில் வந்துவிட்டது. நான் அப்போது இதைக் கவனிக்கவே இல்லை. ஆட்டோமேட்டிக் எல்லாம் கால் முடியாதவர்களுக்கு என்று பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, பின்சீட்டுக் குரலுக்கு வருகிறேன்.

1992-இல் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. டி.வி.எஸ். 50-இல் கோயமுத்தூர் முழுக்கச் சுற்றுவாள். பின்னால் மகள், முன்னால் அரிசிப் பை. ரோட்டுக்குப் பயந்தவள் இல்லை. கார் கற்றுக்கொள்கிறேன் என்று அவளேதான் கேட்டாள். பத்து நாள் காலியான ரோடுகளில் நன்றாகத்தான் ஓட்டினாள். பதினோராம் நாள் அவினாசி ரோடு மேம்பாலத்தில் ஏறச் சொன்னேன். இப்போது கட்டியிருக்கும் நீளப் பாலம் இல்லை, ரயில்வே லைனைத் தாண்டுகிற பழையது.

பாதி மேட்டில் முன்னால் போன லாரி நின்றது. இவளும் நிறுத்தினாள். லாரி கிளம்பியது. இவள் கிளட்சை விட, வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள், மறுபடி நின்றது. பின்னால் டவுன் பஸ். ஹாரன். மூன்றாவது தடவை வண்டி பின்னால் நழுவியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மனம் வரவில்லை. பஸ்ஸின் ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணன் எனக்குக் கொடுத்த மூன்று வாரத்தில் மூன்று நிமிஷத்தைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்து இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவருகே நின்றாள். நான் நகர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். சண்டை ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலை கூப்பிட்டபோது, "மகளுக்கு டிபன் கட்டணும்" என்றாள். அதற்கு மறுநாள் வேறு ஏதோ. அப்படியே இருபத்தேழு வருஷம்.

அந்த இருபத்தேழு வருஷத்தில் ஓர் இரவு எனக்கு நைட் ஷிப்ட். பொள்ளாச்சியில் அத்தைக்கு நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. எங்கள் வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. அவள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து உக்கடம் போய், பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நின்றாள். அத்தை அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். அவள் என்னைக் குறை சொல்லவும் இல்லை. காலையில் நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது கார் மேல் பனி படிந்திருந்தது.

2019-இல் எனக்கு இடது முழங்காலில் ஆபரேஷன். கிளட்ச் மிதிக்கிற கால். டாக்டர் ஆறு மாசம் கார் பக்கமே போகாதீர்கள் என்றார். மகள் பிடிவாதமாக ஒரு ஏ.எம்.டி. கார் வாங்கி வந்து நிறுத்தினாள், எனக்காக என்றுதான் சொன்னாள். வீட்டுக்காரம்மா இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள், "இதுல ரெண்டே மிதிதானா?" என்று கேட்டாள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் தர வேண்டும். அறுபத்திரண்டு வயதில் அதையும் வாங்கிக்கொண்டு போய் டெஸ்ட்டில் பாஸ் செய்தாள். பிசியோதெரபிக்கு என்னை வாரம் மூன்று நாள் கூட்டிப் போனது அவள்தான். நான் பக்கத்து சீட்டில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் சிக்னலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நான் பாத்துக்கறனுங்க" என்றாள்.

அதனால்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கியர் போடத் தெரியவில்லை என்று நண்பர்கள் வாக்கிங்கில் ஆரம்பித்தால் எனக்கு முன்போல் தலையாட்ட முடிவதில்லை. மலையில் இறங்கத் தெரிய வேண்டும். அதில் மாற்றுக் கருத்து கிடையாது, பர்லியாரில் என் கையில் அடித்த அனல் பொய்யில்லை. ஆனால் அந்த மூன்றாவது மிதியை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை பேரை முன்சீட்டிலிருந்து எழுப்பிவிட்டோம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பேரனுக்குப் பாடம் ஷெட்டில் கிடந்த 2009 ஆல்டோவில் நடந்தது. ஞாயிறு காலை ஐந்தரை மணி. முதல் வாரம் காலி மனைகளில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சாலேயே வண்டியை நகர்த்தச் சொன்னேன். ரேடியோ கூடாது, ஏ.சி. கூடாது, ஜன்னலைத் திறந்து வை, சத்தத்தைக் கேள். இரண்டாம் வாரம் இருபது தடவைக்கு மேல் வண்டி நின்றுபோனது. "மனுஷன் ஏன் இதைக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டான். மூன்றாம் வாரம், உழவர் சந்தைக்குப் போக வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரம்மாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எந்த வழியாகப் போவது என்று நான் சொல்லவில்லை. அவன்தான் மேம்பாலத்தில் ஏற்றினான். பாதி மேட்டில் முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. இவனும் நிறுத்தினான். ஆட்டோ கிளம்பியது. இவன் கிளட்சை விட, ஆல்டோ ஒரு குதி குதித்து நின்றது. பின்னால் பஸ். அந்தக் காலையில் அந்த ஒரு பஸ் எங்கிருந்து வந்ததோ. ஹாரன் அடித்தான். இரண்டாவது தடவையும் நின்றது. என் வாய் திறந்தது.

"ஹேண்ட் பிரேக்கைப் போடு சாமி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "பஸ்காரன் நிப்பான். ஒண்ணும் அவசரமில்ல."

போட்டான். ஸ்டார்ட் செய்தான். கிளட்ச் மெதுவாக வந்தது. இன்ஜின் சத்தம் லேசாக இறங்கியது, மூக்கு தூக்கியது. "இப்ப விடு" என்று நான் சொல்வதற்குள் அவனே பிரேக்கை விட்டுவிட்டான். வண்டி ஏறியது.

அந்தப் பக்கம் இறங்குகிறவரை யாரும் பேசவில்லை. பிறகு அவள், "இந்தப் பாலம் இவ்வளவு சின்னதுதானா?" என்றாள்.

சந்தையில் சின்ன வெங்காயமும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த ஞாயிறு கோத்தகிரி ஏற வேண்டும் என்கிறான் பேரன். ஆல்டோவின் கிளட்ச் பிளேட் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.