குச்சிக்கிழங்கும் காற்றின் ஈரமும்

தருமபுரி, மே 14

சகபாடிகள் கோடைக்கால ஆராய்ச்சிக்கென்று சென்னைக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டுவிட, நான் ஊரிலேயே தங்கி, நம் ஜில்லாவில் ஏராளமாய் விளையும் குச்சிக்கிழங்கின் மாவிலிருந்து மெல்லிய படலம் வார்த்து அதன் வலிமையைச் சோதிப்பதென்று ஆசிரியர் நிச்சயித்தார். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் பிணைந்து நெடுஞ்சங்கிலிகளாகின்றன என்று 1920-ல் ரசாயன விஞ்ஞானி ஸ்டௌடிங்கர் சொன்னபோது விஞ்ஞானிகள் பலர் ஏற்க மறுத்தனர். 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாவுச்சத்தும் அவ்விதச் சங்கிலிகளாலானதே: நேராக நீள்வது அமிலோஸ், கிளைவிட்டுப் பரவுவது அமிலோபெக்டின்.

மே 19

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையொன்றில் மாவு வாங்கினோம். கிழங்கை அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படிகிறது. எஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயா ஜவ்வரிசி வரவு நின்றதால் சேலத்தில் வேரூன்றிய இத்தொழிலுக்கு, 1981-ல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு ஸ்தாபனமும் அங்கேயே அமைந்தது.

மே 27

மாவை நீரில் கரைத்துச் சூடேற்ற, எழுபது பாகை அளவில் கஞ்சி பளிங்குபோல் தெளிந்து இறுகியது. சங்கிலிகளினிடையே புகுந்து அவற்றின் பரஸ்பரப் பிடிப்பைத் தளர்த்தும் கிளிசராலை ஓரளவு சேர்த்தும், அக்கினி நட்சத்திரத்து வறண்ட காற்றில் உலர்ந்த படலம் மடக்கியவுடன் முறிந்தது.

ஜூலை 6

நேற்றிரவு மழை. அதே கலவையில் வார்த்த படலம் இன்று துவண்டு விரலில் ஒட்டுகிறது. காற்றிலிருந்து அது பருகிய நீரும் கிளிசரால் செய்த காரியத்தையே செய்கிறதென்று ஆசிரியர் விளக்கினார். அளக்குமுன் காற்றை நிலைப்படுத்த வேண்டுமென்று, மூடிய கண்ணாடிக் கலத்தினடியில் பூரிதமான உப்புக் கரைசலை வைக்கச் சொன்னார்: சாதாரணச் சமையலுப்பே கலத்தின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 75 சதவிகிதத்தில் நிறுத்திவிடும்.

ஜூலை 15

ஒரு பொருளின் வலிமை அப்பொருளுக்கு மட்டுமே உரிய குணமென்று எண்ணியிருந்த எனக்கு, அது பொருளும் சூழலும் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடு என்பது விளங்குகிறது. 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளுக்கு இப்படலம் ஈடாகாது. குழம்பின் ஈரத்துக்கே அது நெகிழ்ந்துபோம். ஆனால் மாங்கன்று வளர்க்கும் பை சில காலம் தாங்கிப் பின்பு மண்ணோடு மட்கினால் போதுமாகையால், மாட்டுக்குப் போகும் திப்பியின் நாரையே மாவோடு கலந்து வார்த்துப் பார்க்க ஆசிரியர் அனுமதித்திருக்கிறார்.